ஆறு பேர், ஒரே கார், நாலு ரேஸ்: வீட்டுக் கூடத்தில் ஆல்-ஸ்டார் ஸ்டாக் கார் சீசன் நடத்துவது எப்படி

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் என்று பிரிவு பிரிவாக விடுவார்கள். ஜெயித்ததும் மைக்கில் முதலில் கேட்பது மாட்டுக்காரர் பேரும் ஊரும்தான், சாரதி பேர் அப்புறம் வரும். மாட்டை வளர்த்தவருக்கு அந்த மரியாதை சேரத்தான் வேண்டும். ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது: இந்த சாரதிகள் எல்லார் கையிலும் ஒரே மாதிரி மாட்டைக் கொடுத்தால் யார் முதலில் வருவார்?

அமெரிக்காவில் இதே கேள்வியைக் காரில் கேட்டுப் பார்த்தார்கள். இன்டர்நேஷனல் ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ், சுருக்கமாக ஐராக். 1973 அக்டோபரில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் ஆரம்பம். ஃபார்முலா ஒன்னிலிருந்து எமர்சன் ஃபிட்டிபால்டி, டெனி ஹல்ம், கடைக்கார் உருவத்தில் செய்த ஸ்டாக் கார்களின் பந்தயமான நாஸ்காரிலிருந்து ரிச்சர்ட் பெட்டி, டேவிட் பியர்சன், இண்டி கார் பந்தயத்திலிருந்து ஏ.ஜே.ஃபாய்ட், பாபி அன்சர் என்று 12 பேர், எல்லாருக்கும் ஒரே மாதிரி போர்ஷே. அங்கே மூன்று ரேஸ், அதில் தேறிய 6 பேர் 1974 பிப்ரவரியில் டேடோனாவில் இறுதி ரேஸ். மார்க் டோனஹ்யூ ஜெயித்தார். அடுத்த சீசனிலேயே போர்ஷேக்குப் பதில் கமாரோ வந்தது, போகப்போக முழுக்க ஸ்டாக் கார் ஓவல் (முட்டை வடிவத் தடம்) ரேஸாகவே மாறிவிட்டது. நடுவில் 1981 முதல் 83 வரை நின்று, மறுபடி தொடங்கி 2006 வரை ஓடியது. அதன் பிறகு 2021 இல் டோனி ஸ்டூவர்ட்டும் ரே எவர்ன்ஹாமும் எஸ்ஆர்எக்ஸ் என்று அதே எண்ணத்தைச் சின்ன ஓவல்களுக்குக் கொண்டுவந்தார்கள், மூன்று சீசனோடு அதுவும் நின்றுபோனது.

நின்றது அங்கே. மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ரெண்டு வருஷமாக நடக்கிறது. நிஜக் காரில் இல்லை, கார் ரேஸ் கேமில்: ஆறு கம்ப்யூட்டர், ஆறு ஸ்டீயரிங் செட், நாலு ஞாயிற்றுக்கிழமை. எப்படி நடத்துகிறோம் என்று நிறைய பேர் கேட்டுவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் தேதி. நம் பக்கத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றி, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, காசு கைக்கு வந்த பிறகுதான் பையன்களுக்கு மனசு லேசாகும். அதே சமயம் ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால் அதற்கு முன்னாலேயே பாதிப் பேர் குறுவை நாற்றங்கால் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே பங்குனி கடைசியிலிருந்து வைகாசி நடுவுக்குள் நாலு ரேஸையும் முடித்துவிட வேண்டும். மன்னார்குடிக்காரர்கள் ராஜகோபாலசாமி கோயிலின் 18 நாள் பங்குனித் திருவிழாவைத் தொடவே கூடாது, முதல் வருஷம் வெண்ணெய்த்தாழி அன்று ரேஸ் வைத்துவிட்டு ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவில் ரெண்டு வாரம் விடுங்கள். ஒரு வாரம் போதாது, பேசிப் பேசித் தீர்வதற்கே ஒரு வாரம் ஆகும்.

அடுத்தது ஆள். ஆல்-ஸ்டார் சீசனின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஓவல் ரேஸ் தினமும் ஆடுகிற ஆறு பேரை உட்கார வைத்தால் அது சாதாரண போட்டி. நான் வைத்திருக்கும் விதி, ஒரே வகை ஆட்டத்திலிருந்து ரெண்டு பேருக்கு மேல் கூடாது. எங்கள் ஆறு பேரில் ஒரு தம்பி ராத்திரி முழுக்க ஃபார்முலா ஒன் கேம் ஆடுகிறவன், ஒருவன் ராலி மட்டும்தான் தொடுவான், ஒருவன் பைக் ரேஸ், சித்தப்பா மகன் கோயம்புத்தூரில் நிஜமாகவே கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தயக் கார் ஓட்டியவன், நான் ஓவல். ஆறாவது ஆள் எங்கள் பெரியப்பா மகன், நிஜ பஸ் டிரைவர், கும்பகோணம் ரூட். அவர் கேமே ஆடியதில்லை. அண்ணே, நீங்களும் வாங்கண்ணே என்று நான்தான் இழுத்து வந்தேன், மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். மண் தடத்தில் ஸ்ப்ரிண்ட் கார் ஓட்டிப் பேர் வாங்கிய ஸ்டீவ் கின்சரை ஐராக்கில் சேர்த்தார்கள், அவர் 1994 இல் டல்லடேகாவிலேயே ஜெயித்தார், நாஸ்கார்காரர்கள் ராஜ்ஜியம் நடத்துகிற இடம் அது. வேற்று ஆளைச் சேர்க்கப் பயப்படவே வேண்டாம்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இப்படி வேலி தாண்டிப் போயிருக்கிறார், பலருக்குத் தெரியாது. நாராயண் கார்த்திகேயன் 2005 இல் ஃபார்முலா ஒன் ஓட்டியவர், 2010 இல் நாஸ்கார் டிரக் சீரிஸில் இறங்கினார். முதல் ரேஸே மார்ட்டின்ஸ்வில், அரை மைல் ஓவல், கதவோடு கதவு உரசுகிற இடம். 13 ஆவதாக வந்தார், அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டில் மிகப் பிரபலமான டிரைவர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஃபார்முலா ஒன் தம்பி முதல் நாள் சோர்ந்து உட்கார்ந்தபோது இதைத்தான் சொன்னேன்.

சரி, கார். எந்த கேமாக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்டாக் கார் இருக்க வேண்டும், செட்டப்பைப் பூட்டும் வசதி இருக்க வேண்டும். ஸ்டாக் கார் என்றால் பேர் மட்டும்தான் கடைக்கார், உள்ளே குழாய் சட்டம், பெரிய வி8, பின் சக்கர உந்து, ஒன்றரை டன்னுக்குக் கிட்ட கனம். பிரேக் போட்டால் உடனே நிற்காது, ஆக்ஸிலேட்டரை அவசரமாக மிதித்தால் வால் ஆடும். எல்லாரையும் சமமாகக் கஷ்டப்படுத்தும் கார் என்பதால்தான் இந்த மாதிரி சீசனுக்கு அது பொருந்துகிறது. செட்டப்பை நீங்களே ஒன்று முடிவு செய்து பூட்டிவிடுங்கள். டயர் காற்று, ஸ்பிரிங், கியர், எதையும் யாரும் தொடக்கூடாது. ஐராக்கிலும் டிரைவர் காரைத் தொட முடியாமல்தான் இருந்தது, ஒரே குழு எல்லாக் காரையும் தயார் செய்தது, டேவ் மார்சிஸ் மாதிரி அனுபவசாலிகள் ஒவ்வொரு காரையும் ஓட்டிப் பார்த்து வித்தியாசம் இல்லாமல் ஆக்கினார்கள்.

நம் கேமில் கார் சமமாகத்தான் இருக்கும், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். சமமில்லாதது சீட். இதை நான் கற்றுக்கொண்டது முதல் சீசனின் ரெண்டாவது ரேஸில். மூணாவது சீட்டில் உட்கார்ந்தவர் ரெண்டு ரேஸிலும் கடைசி. முதல் ரேஸில் ராலித் தம்பி, அடுத்ததில் கார்ட் ஓட்டிய சித்தப்பா மகன். அவனெல்லாம் கடைசியில் வருகிற ஆளே இல்லை. அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகு ஆறு சீட்டிலும் நானே உட்கார்ந்து பத்துப் பத்து லேப் (சுற்று) ஓட்டினேன். அஞ்சு சீட்டில் என் நேரம் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு விநாடிக்குள் இருந்தது. மூணாவதில் அரை விநாடி தள்ளிப்போனது. பெடல் அளவு காட்டும் திரையைத் திறந்து ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தேன், பச்சைக் கோடு முக்கால்வாசிக்கு மேல் ஏறி அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது, உச்சியைத் தொடவே இல்லை. பெட்டியைக் கழற்றினால் உள்ளே, பெடல் அளவைப் படிக்கிற சின்ன வட்டமான பாகத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு படலம். நெல் தூசி. கூடத்துக்குப் பக்கத்து அறையில்தான் மூட்டை அடுக்கியிருந்தோம். டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ரெண்டு அடி அடித்து, இருபது தடவை பெடலை மிதித்துவிட்டு, மறுபடி அளவு சரிசெய்ததும் கோடு உச்சிக்குப் போனது.

அந்த ரெண்டு ரேஸ் முடிவையும் ரத்து செய்தோம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஜெயித்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் சமம் என்று சொல்லி ஆள் கூப்பிட்டுவிட்டு சமமில்லாத சீட்டில் உட்கார வைத்தால் அதற்குப் பேர் போட்டி இல்லை.

அதனால் இப்போது ஒவ்வொரு ரேஸுக்கும் முந்தின நாள் சனிக்கிழமை ஒரே ஆள் ஆறு சீட்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது கட்டாயம். ஸ்டீயரிங் எத்தனை டிகிரி சுற்றும் என்பதையும் ஆறிலும் ஒரே எண்ணாக வையுங்கள். ரெண்டு கம்பெனி ஸ்டீயரிங் கலந்திருந்தால் கை உணர்வு வேறுபடத்தான் செய்யும், அதை முழுசாக ஒழிக்க முடியாது, ஆகவே ரேஸ் அன்று காலை சீட்டுக் குலுக்குங்கள். எவர்சில்வர் சொம்பில் ஆறு துண்டுச் சீட்டு, வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளை எடுக்கட்டும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒரே சீட் ஒருவருக்கு ரெண்டு தடவை விழுந்தால் மறுபடி எடுங்கள். வெளியூரிலிருந்து நெட் வழியாகச் சேர்கிறேன் என்று கேட்பார்கள். வேண்டாம். அவர் கார் நம் திரையில் ஒரு இடத்திலும் அவர் திரையில் வேறு இடத்திலும் இருக்கும், அரை அடி இடைவெளியில் ஓடுகிற ரேஸில் அது மோதலில்தான் முடியும்.

தடம் நாலும் நாலு மாதிரி இருக்கட்டும். எங்கள் வரிசை டேடோனா, மிச்சிகன், இண்டியானாபோலிஸ், கடைசியில் ஓவல் இல்லாத, இடமும் வலமும் வளைந்து போகிற ஒரு வளைவுத் தடம். டேடோனா ரெண்டரை மைல், வளைவில் 31 டிகிரி சாய்வு, ஆக்ஸிலேட்டரை எடுக்கவே வேண்டாம். கேட்க சுலபம், ஓட்டினால்தான் தெரியும். அங்கே எல்லாமே காற்று. ஆற்றங்கரை ரோட்டில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர்கள் வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போயிருப்பார்கள் இல்லையா, முன்னால் போவது காற்றைக் கிழிக்க நமக்கு மிதி லேசாகும், அதேதான். தனியாக விலகினால் பின்னால் வருகிற வரிசை மொத்தமும் உங்களைத் தாண்டிப்போகும். யார் உங்கள் பின்னால் வந்து தள்ளுவார், யார் விட்டுவிட்டுப் போவார் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மிச்சிகன் ரெண்டு மைல், 18 டிகிரி, அகலமான தடம், மேலே ஒரு வழி கீழே ஒரு வழி. 1999 இல் டேல் எர்ன்ஹார்ட் அப்பாவும் மகனும் இங்கே ஐராக் ரேஸில் கடைசிக் கோடு வரை பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள், அப்பா ஜெயித்தார், வித்தியாசம் 0.007 விநாடி. அந்த வேகத்தில் சுமார் ரெண்டடி. இண்டியானாபோலிஸும் ரெண்டரை மைல்தான், ஆனால் சாய்வு 9 டிகிரியைச் சுற்றித்தான், மூலைகள் கூர்மை, அங்கே காற்றை நம்பி உள்ளே போனால் முன்சக்கரம் பிடி இழந்து நேராகச் சுவருக்கு இழுக்கும். ஃபார்முலா ஒன், கார்ட் ஆட்களுக்கு முதல் முறையாக மூச்சு வருவது இங்கேதான். கடைசி வளைவுத் தடம் அவர்களுக்காகவே, ஐராக்கின் கடைசி சீசனான 2006 இலும் டேடோனாவின் உள் வளைவுகளைச் சேர்த்து ஒரு ரேஸ் வைத்தார்கள்.

தூரம் ஓவலில் நூறு மைல். 40 லேப் டேடோனா, 50 மிச்சிகன், 40 இண்டியானாபோலிஸ். பிட் ஸ்டாப் வேண்டாம். பெட்ரோல் போடுவது, டயர் மாற்றுவது எல்லாம் வந்தால் கணக்குப் பிள்ளை ஜெயிப்பார், ஓட்டுகிறவர் பின்னால் போய்விடுவார்.

புறப்படும் வரிசைக்கு முதல் ரேஸில் குலுக்கல், அப்புறம் புள்ளியில் கடைசியில் இருப்பவர் முன்னால், முதலில் இருப்பவர் பின்னால். ஐராக்கில் இருந்த வழக்கம் இது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே பேர் என்றாலும் முதல் ஆள் அஞ்சு பேரைத் தாண்டி வர வேண்டியிருக்கும், பார்க்கிறவர்களுக்கு அதுதான் விருந்து. புள்ளி நாங்கள் 12, 9, 7, 5, 4, 3 என்று வைத்திருக்கிறோம், அதிக லேப் முன்னால் ஓடியவருக்குக் கூடுதலாக 2. இந்த ரெண்டைக் கட்டாயம் வையுங்கள். இல்லாவிட்டால் டேடோனாவில் எல்லாரும் கடைசி லேப் வரை பின்னாலேயே ஒளிந்துகொண்டு வருவார்கள், 38 லேப் ஊர்வலம் பார்த்த மாதிரி இருக்கும்.

மோதலுக்கு நடுவர் ரேஸில் இல்லாத ஆளாக இருக்க வேண்டும், வயதில் மூத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்குத் தெருவில் ஒரு மாமா, எல்கைப் பந்தயத்தில் மைக் பிடித்த அனுபவம் உள்ளவர். கார் பற்றி அவருக்கு எதுவும் தெரியாமல்தான் வந்தார், ஆனால் யார் யார் மேல் ஏறினார் என்பதைப் பார்க்கிற கண் அவருக்கு உண்டு. ரீப்ளேயை மூன்று தடவை ஓட்டிக் காட்டச் சொல்வார், நாலாவது தடவை கேட்க மாட்டார், தீர்ப்பு சொல்லிவிடுவார். தண்டனை புள்ளிக் குறைப்பு இல்லை, அடுத்த ரேஸில் எல்லாருக்கும் பின்னால் புறப்பட வேண்டும், அவ்வளவுதான். டேடோனா, மிச்சிகனில் லேசாகப் பின்னால் தட்டுவது குற்றமில்லை. வளைவுக்கு நடுவில் தட்டினால் குற்றம். இந்த வித்தியாசத்தை முதல் நாளே ஆறு பேரையும் உட்கார வைத்து ரீப்ளேயில் காட்டிவிடுங்கள், வாயால் சொன்னால் ஏறாது.

கரண்ட். சித்திரை வெயிலில் மத்தியானம் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறரைக்கு முதல் பச்சைக் கொடி, எட்டுக்குள் முடிவு. ஆறு கம்ப்யூட்டரையும் ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுக்காதீர்கள், ரெண்டு மூன்று அறையிலிருந்து தனித்தனி லைன் எடுங்கள், எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சர்வராக ஓடுகிற கம்ப்யூட்டருக்கு மட்டுமாவது யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால் பாதி தூரம் தாண்டியிருந்தால் அப்போதைய வரிசையே முடிவு, தாண்டாவிட்டால் முதலிலிருந்து. ரேஸுக்கு முன்னாலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், கரண்ட் போன பிறகு விதி பேசினால் சண்டை வரும்.

காருக்கு ஆளுக்கொரு நிறம் கொடுங்கள், எண்ணை விட நிறம்தான் பார்க்கிறவர்களுக்கு ஒட்டும். எங்கள் அம்மா சீசன் முழுக்க யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, பச்சைக்கு இன்னொரு இட்லி வைக்கவா, மஞ்சளுக்குக் காபியா டீயா என்றுதான் கேட்டார்.

ஒரு ஆள் நடுவில் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்து வையுங்கள். 1993 ஐராக் சீசனில் நாஸ்கார் டிரைவர் டேவி அலிசன் புள்ளியில் நல்ல நிலையில் இருந்தபோது ஜூலையில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். கடைசி ரேஸில் அவருக்குப் பதிலாக டெர்ரி லபான்டி ஓட்டினார், பட்டம் அலிசன் பேருக்கே போனது. நாங்களும் மாற்று ஆள் ஓட்டினால் புள்ளி சொந்தக்காரர் கணக்கில்தான் சேரும் என்று வைத்திருக்கிறோம். போன வருஷம் ராலித் தம்பி அறுவடை மிஷினோடு வேலைக்குப் போய்விட்டான், அவன் தங்கை உட்கார்ந்து இண்டியானாபோலிஸில் நாலாவதாக வந்தாள், அஞ்சு புள்ளி அண்ணன் கணக்கில் ஏறியது. இந்த வருஷம் என் இடம் அவளுக்கே, நிறம் ஊதா. நான் நடத்துகிற வேலையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

பஸ் டிரைவர் அண்ணன் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. இந்த வருஷம் டேடோனாவில் ஆறாவது. மிச்சிகனில் ரெண்டாவது. அன்று அவர் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், மற்ற அஞ்சு பேரும் வளைவில் ஸ்டீயரிங்கை வெட்டி வெட்டித் திருத்திக்கொண்டிருக்க, அவர் ஒரே தடவை திருப்பி அப்படியே பிடித்திருந்தார், காரும் ஆடாமல் மேல் வழியில் மிதந்துபோனது. நின்றுகொண்டு போகிற ஜனங்கள் விழாமல் பஸ்ஸை வளைத்து வளைத்துப் பழகிய கை. ரேஸ் முடிந்ததும் எழுந்து, தம்பி, எனக்கு எட்டரைக்கு டூட்டி, அடுத்தது என்றைக்கு என்று முன்னாடியே சொல்லிவிடு, லீவு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அதனால் தேதி முடிவானதும் முதல் வேலையாக எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், குறைந்தது ஒரு மாதம் முன்னால்.